ஒரே ஒரு கணினியில் மட்டும் இணையம் மெதுவா? தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

கைப்பேசியில் பக்கம் சட்டென்று திறக்கிறது. அதே வீட்டில், அதே வைஃபையில், மேசை மேல் இருக்கும் கணினியில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஆனதும் பலரும் முதலில் பிரவுசரின் கேஷை (அது சேமித்து வைத்திருக்கும் கோப்புகளை) அழிப்பார்கள். சரியாகாது. பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அதிலும் சரியாகாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். அப்புறம் அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறுவார்கள். மாதக் கட்டணம்தான் கூடும், வட்டம் சுற்றுவது நிற்காது.

இதற்குக் காரணம், எங்கே தாமதமாகிறது என்று பார்க்காமலேயே சரிசெய்ய இறங்கிவிடுவது. 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், அதற்குப் பின்னால் குறைந்தது ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல துப்பு இருக்கிறது: மற்ற சாதனங்கள் வேகமாக இருக்கின்றன. அந்த ஒரு தகவலை வைத்தே பாதி வழியைத் தேடலில் இருந்து விலக்கிவிடலாம். மீதிப் பாதியை எப்படிப் படிப்படியாகச் சுருக்குவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு பக்கம் திறப்பதற்குள் என்னென்ன நடக்கிறது

முகவரியைத் தட்டி என்டர் அழுத்தியதும் கணினி முதலில் அந்தத் தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடுகிறது. இதற்கு டிஎன்எஸ் என்று பெயர். எண் கிடைத்ததும் அந்தத் தளத்தை வைத்திருக்கும் கணினியோடு, அதாவது சர்வரோடு, இணைப்பு ஏற்படுத்துகிறது. அடுத்து இருவரும் பேசுவதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ள ஓர் ஒப்பந்தம். அப்புறம்தான் 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்ற கோரிக்கையே போகிறது. சர்வர் யோசித்து, பதிலைத் தயார் செய்து, அனுப்பத் தொடங்குகிறது. தரவு வந்து சேர்ந்த பிறகும் வேலை முடியவில்லை. பிரவுசர் அதைப் படித்து, உள்ளே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டி, எழுத்தும் படமுமாகத் திரையில் வரைய வேண்டும்.

இதில் தரவு வந்து இறங்கும் கட்டம் ஒன்றே ஒன்றுதான். வேகச் சோதனைத் தளங்கள் பெரிய எழுத்தில் காட்டும் எண்ணும் அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது மட்டுமே. நொடிக்கு 100 மெகாபிட் என்று அது காட்டினால், நொடிக்கு 12.5 மெகாபைட் வரை இறங்கும் என்று பொருள், ஏனென்றால் 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். சாதாரணப் பக்கம் ஒன்று சில மெகாபைட் அளவுதான். ஆக, அந்த வேகத்தில் ஒரு பக்கம் இறங்க அரை நொடிகூட ஆகாது. அப்படியும் எட்டு நொடி காத்திருக்கிறீர்கள் என்றால், அந்த நேரம் வேறு எங்கோ போகிறது.

பெரும்பாலும் அது போவது காத்திருப்பில். ஒரு சின்னச் செய்தி சர்வர் வரை போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரத்தை மில்லி நொடியில் அளக்கிறோம். சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஊர் அதனால் பக்கத்தில் வந்துவிடாது, அல்லவா? அதேபோலத்தான் இதுவும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 10,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வர, வழியில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால்கூட 100 மில்லி நொடி ஆகிவிடும். முதல் எழுத்து திரையில் வருவதற்குள் இப்படிச் சில போக்குவரத்துகள் நடந்தாக வேண்டும். பெரிய தளங்கள் உலகம் முழுக்கப் பல இடங்களில் தங்கள் பக்கங்களின் நகல்களை வைத்திருப்பது இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான்.

முதலில் ஒப்பிடுங்கள், ஆனால் சரியாக ஒப்பிடுங்கள்

கைப்பேசி வேகமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன், அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் விட்டுப் பாருங்கள். வைஃபை பலவீனமாக இருந்தால் பல கைப்பேசிகள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். அப்புறம் அந்த ஒப்பீடு எதற்கும் உதவாது. கைப்பேசியைக் கணினியின் பக்கத்திலேயே வைத்து, அதே பக்கத்தை, அதே நேரத்தில் திறக்க வேண்டும். செயலிக்குள் திறக்காமல் பிரவுசரில் திறங்கள், செயலி வேறு வழியில் தரவை வாங்கலாம்.

இரண்டுமே மெதுவாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் கணினியில் இல்லை. ரவுட்டரையோ அதற்கு அப்பால் இருக்கும் லைனையோதான் பார்க்க வேண்டும். கைப்பேசி வேகமாகவும் கணினி மெதுவாகவும் இருந்தால், லைனும் ரவுட்டரும் பொதுவாக நல்ல நிலையில் இருக்கின்றன. கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலோ, கணினிக்கு உள்ளேயோதான் சிக்கல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை.

இதற்கு எளிய வழி, ஒரு கேபிளை எடுத்துக் கணினியை ரவுட்டரோடு நேரடியாக இணைப்பது. மடிக்கணினி என்றால் ரவுட்டருக்கு அருகிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம். கேபிளில் வேகம் வந்துவிட்டால் வைஃபைதான் காரணம். கேபிளிலும் அதே மந்தம் என்றால் கணினிக்குள் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் இதைச் செய்து பார்க்காமலேயே பலர் நாள்கணக்கில் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பிங் கட்டளையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்

கேபிள் கையில் இல்லையா? பரவாயில்லை. எல்லாக் கணினிகளிலும் பிங் என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது அளக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட், மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினல், இவற்றில் எதையாவது திறந்து பிங் என்று ஆங்கிலத்தில் (ping) தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். உங்களுடையது எது என்று கணினியின் நெட்வொர்க் அமைப்புகளில் 'டிஃபால்ட் கேட்வே' அல்லது 'ரவுட்டர்' என்ற வரியில் பார்க்கலாம்.

விண்டோஸ் நான்கு முறை கேட்டுவிட்டு நிறுத்திவிடும். நான்கு போதாது. முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் டி எழுத்தும் (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தினால் நிற்கும். ஒரு நிமிடமாவது ஓட விடுங்கள். அது ஓடும்போதே இன்னொரு பக்கம் பிரவுசரில் வழக்கம்போலப் பக்கங்களைத் திறந்து பாருங்கள்.

இப்போது வரிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு நேரம் இருக்கும். கேபிளில் இணைத்திருந்தால் ரவுட்டருக்கு 1 மில்லி நொடியோ அதற்கும் குறைவாகவோதான் வர வேண்டும். நல்ல வைஃபையில் 2, 3, 5 என்று வரும், எப்போதாவது ஒரு 20 எட்டிப்பார்க்கும், அதில் தவறில்லை. ஆனால் 3, 4, 180, 6, 420, 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' (பதிலே வரவில்லை), 5, 310 என்று துள்ளினால், தேடியது கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே, சில அடி தூரத்தில் இருக்கும் ரவுட்டரை எட்டுவதற்கே கணினி திணறுகிறது. அதற்கு மேல் பிரவுசரை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை.

ரவுட்டருக்குச் சீராக வருகிறதா? அடுத்து அதே கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓட்டுங்கள். இது கூகுள் 2009 இறுதியில் எல்லோருக்கும் திறந்துவிட்ட டிஎன்எஸ் சர்வரின் முகவரி. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.1 ஐயும் பயன்படுத்தலாம். இதிலும் எண்கள் சீராக வந்து, எதுவும் தொலையாமல் இருந்தால், உங்கள் கணினியிலிருந்து வெளியுலகம் வரை பாதை நன்றாக இருக்கிறது. பெயரைத் தேடுவதிலோ பிரவுசரிலோ கணினியின் உடம்பிலோதான் மிச்சத்தைத் தேட வேண்டும்.

செய்திகள் தொலைவதைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்றில் இரண்டு மூன்று தொலைந்தால் என்ன என்று தோன்றும். இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறை, செய்தி தொலைந்தால் 'வழியில் நெரிசல்' என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு கெஜம் தள்ளியிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு நொடிக்கு 32 கிலோபிட்டில் இருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. தொலைந்ததை எல்லாக் கணினிகளும் மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலைப் பெருக்கிக்கொண்டிருந்தன. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988 இல் கண்டுசொன்ன தீர்வுதான் இந்த 'தொலைந்தால் நிதானி' என்ற முறை. உலகம் முழுக்க இணையம் நிற்காமல் ஓடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் உங்கள் வீட்டில் நெரிசலே இல்லாமல், மோசமான வைஃபையால் செய்தி தொலைந்தாலும் அது அப்படியே நிதானித்துவிடும். கொஞ்சம் தொலைந்தாலே வேகம் நிறைய விழுவது இதனால்தான்.

வைஃபை என்று தெரிந்த பிறகு

பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4 சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் கூட்டம் அதிகம். பக்கத்து வீடுகளின் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 5 வேகமானது, தூரம் குறைவு. கைப்பேசி 5 இல் இணைந்திருக்க, கணினி மட்டும் 2.4 இல் ஒட்டிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தில் எந்த அலைவரிசை என்று எழுதியிருக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கணினியை 5 இல் சேர்த்துப் பாருங்கள். 2.4 தவிர வேறு வழியில்லை என்றால் ரவுட்டரின் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள், ஏனென்றால் இவை மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

மேசைக் கணினியாக இருந்தால் அதன் பின்புறத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். வைஃபை உள்ள பல மதர்போர்டுகளில் ஆன்டெனா தனியாகப் பெட்டியில் வரும், நாம்தான் திருகி மாட்ட வேண்டும். மாட்டாமல் விட்டாலும் ரவுட்டர் அருகில் இருந்தால் சிக்னல் ஓரளவு வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரோரம், தரையில், ஆன்டெனாவும் இல்லாமல் ஒரு கணினி வைஃபை பிடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கும். யூஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை அடாப்டருக்கும் இதே கதைதான். பின்பக்கம் யூஎஸ்பி 3 துளையில், அதுவும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் இன்னும் மோசம். யூஎஸ்பி 3 சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன. ஒரு நீட்டிப்பு கேபிள் போட்டு அடாப்டரை மேசை மேல் கொண்டுவந்தால் போதும்.

கேபிளிலும் கோளாறு வரலாம். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நொடிக்கு 1 கிகாபிட் போக நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் நிற்காது, சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும். இணைப்பு விவரத்தில் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்றோ, அதைவிட மோசமாக 10 என்றோ இருந்தால் கேபிளை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் நல்ல சாதனங்கள் இருந்தும் 10 காட்டினால் நான் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன்.

பெயர் தேடுவதில் சிக்கும் கணினி

இந்தக் கோளாறுக்கு ஒரு தனி முகம் உண்டு. புதிய தளத்துக்குப் போகும்போது வெள்ளைத் திரை சில நொடிகள் அப்படியே நிற்கும். அப்புறம் திடீரென்று முழுப் பக்கமும் படபடவென்று வந்துவிடும். அதே தளத்துக்குள் வேறு பக்கத்துக்குப் போனால் வேகம். அடுத்த தளத்துக்குப் போனால் மறுபடி அதே தேக்கம். வேகச் சோதனை செய்தால் எண் அருமையாக இருக்கும்.

தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறையை 1983 இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தார். அதற்கு முன் எல்லாப் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன, எல்லோரும் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். இப்போது உங்கள் கணினி ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. அந்தச் சர்வர் செத்திருந்தால் கணினி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பட்டியலில் அடுத்து இருப்பதைக் கேட்கும். விடை கிடைத்ததும் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் முறை தேக்கம், அடுத்த முறை வேகம் என்பதன் காரணம் இதுதான். இன்றையப் பக்கங்கள் படம், எழுத்துரு, விளம்பரம் என்று பத்து இருபது வெவ்வேறு பெயர்களைக் கேட்பதால் இந்தத் தேக்கம் கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணினியில் மட்டும் இது நடப்பது எப்படி? எப்போதோ யாரோ டிஎன்எஸ் முகவரியைக் கையால் போட்டிருப்பார்கள். அலுவலகத்துக்காகவோ, ஒரு பழைய விபிஎன் செயலிக்காகவோ (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது), பழைய ரவுட்டருக்காகவோ இருக்கலாம். அந்தச் சர்வர் இப்போது இல்லை, அமைப்பு மட்டும் மிச்சம். கைப்பேசி ரவுட்டர் தருவதைத் தானாக வாங்கிக்கொள்வதால் அதற்குச் சிக்கலே இல்லை. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்துக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். அல்லது மேலே சொன்ன 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். பிரவுசருக்குள்ளும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. கணினியின் அமைப்பு சரியாக இருந்து, ஒரே பிரவுசரில் மட்டும் தேக்கம் என்றால் அதையும் பார்க்க வேண்டும்.

இதே முகத்தோடு வரும் இன்னொன்று ப்ராக்ஸி, அதாவது பக்கங்களை நமக்காக வாங்கித் தரும் இடைச் சர்வர். விண்டோஸில் ப்ராக்ஸி பகுதியில் பழைய முகவரி ஏதாவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். 'தானாகக் கண்டுபிடி' என்பதும் சில வீடுகளில் இல்லாத ஒன்றைத் தேடித் தொடக்கத்தில் நேரத்தைத் தின்னும். அணைத்துப் பார்த்து வித்தியாசம் இருக்கிறதா என்று கவனியுங்கள். விபிஎன் ஓடுகிறதா என்பதையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் வேறொரு நாட்டுக்குச் சுற்றிக்கொண்டு வரும்போது மெதுவாகத்தான் இருக்கும்.

பிரவுசர்

இங்கே செய்ய வேண்டிய முதல் சோதனை மிக எளிது: தனிப்பட்ட சன்னலைத் திறங்கள். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (P). நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய அந்தச் சன்னலில் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்கள், ஓடாது. அதில் பக்கங்கள் விறுவிறுவென்று திறந்தால், ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் இழுக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

கூப்பன் தேடித் தருவது, பக்கத்தை மொழிபெயர்ப்பது, எழுத்துப்பிழை பார்ப்பது போன்றவை நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் முழுவதும் படிக்க அனுமதி வாங்கியவை. எப்போதோ ஒரு முறை தேவைப்பட்டதற்காகச் சேர்த்து, மறந்துபோயிருப்போம். பயன்படுத்தாததை நீக்கிவிடுவது வேகத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் நல்லது. விளம்பரத் தடுப்பான் மட்டும் இதில் விதிவிலக்கு. ஒரு நல்ல தடுப்பான் கொஞ்சம் வேலை வாங்கினாலும், அதைவிட அதிகமான சுமையைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறது. ஒன்று போதும், இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று மோதும்.

குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் மெனுவிலிருந்து திறக்கலாம். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகத்தையும், கணினியின் மூளையான சிபியுவையும் எடுத்துக்கொள்கிறது என்று வரிசையாகக் காட்டும். நீங்கள் பார்க்காமல் பின்னால் கிடக்கும் ஒரு டேப் சிபியுவின் பாதியைத் தின்றுகொண்டிருப்பது இங்கேதான் தெரியவரும்.

கேஷை அழிப்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மெதுவாக இருக்கிறது என்றாலே 'கேஷை அழி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேஷ் என்பது ஒரு முறை இறக்கிய படங்களையும் நிரல்களையும் மறுபடி இறக்காமல் இருக்க வைத்துக்கொள்ளும் இடம். அதை அழித்தால் அடுத்த சில மணி நேரத்துக்கு எல்லாத் தளமும் முன்பைவிட மெதுவாகத்தான் திறக்கும். ஒரு தளம் உடைந்து, கலைந்து தெரிந்தால் அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழிப்பதில் பொருள் இருக்கிறது. வேகத்துக்காக மொத்தத்தையும் அழிக்க வேண்டாம்.

கணினியின் உடம்பு

சில வீடுகளில் இணையம் எந்தத் தப்பும் செய்திருக்காது. பக்கம் வந்து சேர்ந்துவிடும், கணினியால்தான் அதை வரைய முடியாது. இதை அடையாளம் காண, பக்கம் திறந்த பிறகு மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நகர்த்தும்போதும் திக்கித் திக்கி நகர்கிறதா? எழுத்தைத் தட்டினால் கொஞ்சம் கழித்துத்தான் திரையில் வருகிறதா? இணையமே தேவைப்படாத ஒரு செயலியைத் திறந்தாலும் இழுக்கிறதா? அப்படியானால் லைனைக் குறை சொல்லிப் பயனில்லை.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகள் இருக்கும். மெமரி நிரம்பி வழிந்தால் கணினி அதில் ஒரு பகுதியை டிஸ்க்குக்கு மாற்றி எழுதத் தொடங்கும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு சொச்சம்தான் எடுத்துத் தர முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி பல்லாயிரம் எடுத்துத் தரும். பிரவுசரும் தன் கேஷை டிஸ்க்கில்தான் வைக்கிறது. அதனால் டிஸ்க் பத்தியில் 100 சதவீதம் என்று தொடர்ந்து நின்றால் இணையமே மெதுவானதுபோலத் தெரியும். பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதைவிடப் பலன் தரும் செலவு வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதிவேகத் திட்டத்துக்கு மாறுவதற்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

நெட்வொர்க் பத்தியை அழுத்தினால் யார் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வரிசைப்படும். புகைப்படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கும் செயலி, பின்னணியில் இறங்கும் சிஸ்டம் அப்டேட், விளையாட்டு அப்டேட் என்று ஏதாவது ஒன்று மேலே வரும். ஏற்றுவதுதானே, இறக்குவதை எப்படிப் பாதிக்கும் என்று கேட்கலாம். தரவு இறங்கும்போது 'வந்து சேர்ந்தது' என்ற சின்னச் செய்திகளைக் கணினி திருப்பி அனுப்பியாக வேண்டும். ஏற்றும் பாதை அடைத்துக்கொண்டால் அந்தச் செய்திகளும் வரிசையில் நிற்கும், இறக்குவதும் தள்ளாடும். சேமிப்புச் செயலியின் அமைப்பில் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு போடலாம். ஆனால் அந்த அடைப்பு வழக்கமாக ரவுட்டரில் ஏற்படுவதால் மற்ற சாதனங்களும் அப்போது மந்தமாகும். உங்கள் கணினியைத் திறந்தால் மட்டும் வீடே மெதுவாகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வைரஸ் தடுப்புச் செயலிகள் இரண்டு ஒன்றாக ஓடினால் ஒன்றை நீக்குங்கள். சில, நீங்கள் திறக்கும் பாதுகாப்பான பக்கங்களையும் நடுவில் நின்று பிரித்துப் படிக்கும். அந்த ஓர் அமைப்பை மட்டும் சிறிது நேரம் அணைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முகப்புப் பக்கம் தானாக மாறியிருந்தாலோ, தேடினால் தெரியாத தளத்துக்குப் போனாலோ, வேண்டாத நிரல் ஏதோ உள்ளே வந்துவிட்டது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். மடிக்கணினி கொதித்து, விசிறி அலறினால் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். சூடு ஏறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எஃப் 12 விசை காட்டும் படம்

இன்னும் பிடிபடவில்லையா? பிரவுசரே ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வைக்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதிலானாலும் எஃப் 12 அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பக்கம் கேட்ட ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக வரும். வலது ஓரத்தில் வண்ணக் கோடுகள் படிக்கட்டுபோல இறங்கும். நீளமான கோடு எது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்த வரியை அழுத்தி 'டைமிங்' என்பதைத் திறங்கள்.

உள்ளே டிஎன்எஸ் லுக்அப், இனிஷியல் கனெக்ஷன், எஸ்எஸ்எல் (பூட்டிக்கொள்ளும் ஒப்பந்தம்), வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ், கன்டென்ட் டவுன்லோட் என்று குரோம் பிரித்துக் காட்டும். நாம் முதலில் பார்த்த அதே கட்டங்கள்தான். டிஎன்எஸ் வரியில் இரண்டு நொடி என்றால் பெயர் தேடுவதில் சிக்கல். இணைப்பு வரியில் நேரம் போனால் செய்திகள் வழியில் தொலைகின்றன. சில சமயம், ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் உங்கள் கணினியின் பாதை உடைந்திருக்கும். பிரவுசர்கள் கால் நொடி அளவு காத்திருந்துவிட்டுப் பழைய முறைக்கு மாறிக்கொள்வதால் அது பக்கத்தை நிறுத்தாது, சுணங்க வைக்கும். சர்வர் பதிலுக்குக் காத்திருக்கும் வரி மட்டும் நீளமாக இருந்து, அதுவும் ஒரே தளத்தில் என்றால் அந்தத் தளத்துக்குத்தான் இன்று உடம்பு சரியில்லை. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. எல்லாக் கோடுகளும் குட்டையாக இருந்தும் பக்கம் வரத் தாமதமானால், கணினியால் வரைய முடியவில்லை.

ஒரு குறிப்பு: டிஎன்எஸ் வரி எல்லாக் கோப்புக்கும் வராது, ஒரு தளத்தோடு முதலில் இணையும்போது மட்டும்தான் வரும். அதனால் பிரவுசரை மூடித் திறந்துவிட்டு, வெகுநேரமாகப் போகாத ஒரு தளத்தில் சோதியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கேபிளில் நேரடியாக இணைத்த கணினியிலும் மற்ற சாதனங்களிலும் ஒருசேர 8.8.8.8 க்கான பிங் துள்ளுகிறது, ஆனால் ரவுட்டருக்கான பிங் சீராக இருக்கிறது என்றால், அப்போது இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிடலாம். கூப்பிடும் முன் இரண்டு பிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. 'நெட் ஸ்லோவாக இருக்கிறது' என்று சொன்னால் மறுமுனையில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். 'கேபிளில் இணைத்திருக்கிறேன், ரவுட்டர் வரை 1 மில்லி நொடி, வெளியே நூற்றுக்கு ஆறு செய்தி தொலைகிறது, இரவு எட்டு மணிக்கு மேல்தான் இப்படி' என்று சொன்னால் லைனைச் சோதிக்க ஆள் அனுப்ப வேண்டிய புகார் அது என்று அவர்களுக்கும் புரியும்.